சனிக்கிழமை மதியப் பேய்ப்படம்

என் அப்பாவுக்குப் பேய்ப்படம் பிடிக்காது. எனக்கு அது இல்லாமல் சனிக்கிழமை கழியாது. அப்பா செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிப் பிணவறையில் உதவியாளராக இருந்தார். அதனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கையாக இருந்தது. "உங்கப்பன் பாக்காத பேயா, நீ டிவில போய் பாத்துகினு கீற?" என்று பால் ஊற்ற வருகிறவர் கூடக் கேட்பார்.

உண்மையில் அப்பா வேலையிலிருந்து ஒரு கதையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வந்ததும் நேராகப் பின்பக்கம் போய், அம்மா எடுத்து வைத்திருக்கும் வெந்நீரில் குளித்து, வேலைக்குப் போட்ட சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டு விட்டுத்தான் உள்ளே வருவார். அவர் குளித்து முடிக்கும்வரை நான் கிட்டே போகக்கூடாது. என்ன நடந்தது, யார் வந்தார்கள் என்று நான் கேட்டால், "ஒண்ணும் இல்லமா, சாப்ட்டியா?" என்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னிடம் பிணங்களைப் பற்றிக் கேட்பார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. ஒன்றும் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, டிவியில் பார்த்த பேய்களை அப்பாவின் பேய்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் கேபிள்காரருக்குச் சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. வாரநாட்களில் பழைய பாட்டு, கோயில் திருவிழா வீடியோ, கல்யாண மண்டப விளம்பரம். சனிக்கிழமை மதியம் மட்டும் பேய்ப்படம். பெரும்பாலும் தெலுங்கிலிருந்தோ இங்கிலீஷிலிருந்தோ தமிழுக்கு மாற்றியவை. வாய் ஒரு பக்கம் அசையும், வசனம் இன்னொரு பக்கம் ஓடும். மூடுபனிக் காட்டுக்குள் தனியாக ஒரு பங்களா, அதில் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கொலுசுச் சத்தம். வெள்ளைக்காரப் பேய் திருநெல்வேலித் தமிழில் "உன்ன விடமாட்டேன்லே" என்று கத்தும். திரையின் அடியில் மளிகைக்கடைத் தள்ளுபடியும், யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் வாழ்த்தும் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் படத்தை நிறுத்தி ஒரு அட்டை போடுவார்கள். கறுப்புப் பின்னணி, மாலை போட்ட போட்டோ, கண்ணீர் அஞ்சலி. அது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேய் துரத்தும்.

ஆறாம் வகுப்பில்தான் அவள், என் சிநேகிதி, எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவள் அப்பாவுக்குக் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் எங்கள் ஊரில் வாடகைக்கு இருந்தார்கள். முதல் நாளே என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அப்பா பொணத்த அறுக்குதவங்களாமே, நெசமாட்டி?" என்று கேட்டாள். மற்றவர்கள் இதை முதுகுக்குப் பின்னால்தான் கேட்பார்கள். நேராகக் கேட்டதால் எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

அவள் வீட்டில் பேய்ப்படம் போட்டால் அவள் அம்மா டிவியை அணைத்துவிடுவார். அதனால் சனிக்கிழமை இந்தி வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஒற்றைச் சடை, தோளில் இந்திப் புத்தகம் வைத்த பை. வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஜன்னலைச் சாத்தி அம்மாவின் சேலை ஒன்றைத் தொங்கவிட்டால் அறை இருட்டாகிவிடும். பயங்கரமான இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் காதை மூடிக்கொள்வாள்.

"பேயி சத்தத்துலதாம்ட்டி இருக்கு. சத்தத்த எடுத்துட்டா அது சும்மா மேக்கப் போட்ட பொம்பள" என்பாள். ஒருமுறை சத்தத்தை முழுக்கக் குறைத்துக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். தலைவிரி கோலமாக வாயைத் திறந்து நின்ற அந்தப் பேய், பல்லைக் காட்டி டாக்டரிடம் வலி சொல்வதுபோல் இருந்தது. நாங்கள் உருண்டு உருண்டு சிரித்தோம்.

அப்பா சீக்கிரம் வந்துவிடும் நாட்களில் குளித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். "இன்னா கண்றாவி இது, நிறுத்துமா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். அவள் சும்மா இருக்க மாட்டாள்.

"மாமா, நீங்க நெசப் பேயப் பாத்திருக்கீங்களா?"

"இல்லமா."

"பயமா இருக்காதா மாமா, அங்க?"

எனக்கு ஒருநாளும் பதில் சொல்லாத அப்பா, அவளுக்குச் சொன்னார். "செத்தவன் இன்னாமா பண்ணுவான்? பாவம், அவனால அவன் கையக்கூட மடிச்சிக்க முடியாது. நாமதான் மடிச்சி வெக்கணும்."

"அப்ப இந்தப் படத்த ஏன் பாக்க மாட்டேங்குதீங்க?"

"கத்துறாங்களேமா. அங்க வெளிய மரத்தடில நின்னுகினு கத்துறாங்க பாரு, பெத்தவங்க. அதே மாதிரி கீது. அத நாள் பூரா கேட்டுட்டு வந்து, வூட்லயுமா கேக்கறது?"

அதற்குப் பிறகு அப்பா வந்தால் அவளே எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் குறைப்பாள்.

ஒருநாள் இந்தி டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டார் அவள் அம்மா. மறு சனிக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள். போகும்போது அவள் அம்மா சொன்னது எங்களுக்கும் கேட்டது. "படம் பாக்க ஒனக்கு வேற வீடே கெடைக்கலியா? அவங்க என்ன வேல செய்யுதாங்கன்னு தெரியும்லா?"

என் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. தலை துவட்டிக்கொண்டு வந்தவர், "வுடு, அந்தம்மாவுக்குப் பயம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்துவிட்டாள். இந்த முறை தட்டச்சு வகுப்பு. பள்ளிக்கூடம் முடியும்வரை அப்படியே போனது.

கல்லூரியில் பிரிந்தோம். எனக்கு ஊரிலேயே இடம் கிடைத்தது. அவள் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே பொது அறையில் ஒரே ஒரு டிவி. அதில் எப்போதும் பாட்டுப் போட்டியும் சீரியலும்தான் ஓடுமாம். அதனால் சனிக்கிழமை மதியம் என்னைப் போனில் கூப்பிடுவாள். நான் எங்கள் கேபிள்காரரின் படத்தைப் பார்த்துக்கொண்டே அவளுக்குச் சொல்ல வேண்டும். "இப்ப கதவத் தொறக்கறா… யாரும் இல்ல… திரும்பறா…" அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்கும். நான் சொல்வதை நிறுத்திப் போனைத் திரைப்பக்கம் நீட்டுவேன். "ஏட்டி! எடுட்டி அத!" என்று அலறுவாள்.

முதல் வருடம் முடிவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் வகுப்புப் பிள்ளைகளும் மகாபலிபுரம் போனார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு மதியம் கடலில் இறங்கியிருக்கிறார்கள். அந்தக் கடலை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். முழங்கால் அளவில் நிற்கும்போதே காலடி மணலை உருவிக்கொண்டு போய்விடும். அவளும் இன்னொரு பெண்ணும் கையைக் கோத்துக்கொண்டு அலையைப் பார்த்து நின்றார்களாம். பின்னால் வந்த பெரிய அலையில் இருவரும் விழுந்தார்கள். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்து அந்தப் பெண்ணை இழுத்துவிட்டார்கள். இவளை அலை உள்ளே இழுத்துக்கொண்டது.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, என் நம்பரை அவள் போனில் அடிக்கடி பார்த்திருந்ததால் கூப்பிட்டாளாம். "தேடிட்டே இருக்காங்கக்கா. போட்ல எல்லாம் போயிருக்காங்க" என்று சொல்லி அழுதாள். நான் அப்பாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரத்திலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுவருவதைப் பார்த்தவர் அவர். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இருட்டுவதற்குள் தெற்கே கரை ஒதுங்கினாள். மறுநாள் காலையில் அப்பா வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பினார். "நீ அங்க வராத" என்றார். கொஞ்ச நேரம் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு நான் போனேன்.

பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்கு அடியில் சிமெண்டு மேடை. அப்பா சொன்ன மரத்தடி. அங்கே அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கத்தவில்லை. முந்தானையை ஒரு விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவள் அப்பா போலீஸ்காரர் காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கதவு திறந்து, பச்சை ஏப்ரன் போட்டுக்கொண்டு என் அப்பா வெளியே வந்தார். அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பா கிட்டே போகாமல், கொஞ்சம் தள்ளியே நின்றார். "நான்தான்மா உள்ள கீறேன். நம்ம புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் அம்மா எழுந்திருக்கப் பார்த்து அப்படியே மயங்கி விழுந்தார். அதன் பிறகுதான் சத்தம் வந்தது. கூட வந்திருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவள் சொல்வாளே, பேய் சத்தத்தில் இருக்கிறதென்று. நான் காதைப் பொத்திக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றேன்.

அன்றைக்கு அப்பா வெகுநேரம் குளித்தார். சாப்பிடவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. அடுத்த சனிக்கிழமை, கைப்பழக்கத்தில் நான்தான் போட்டேன். ஒரு பாழடைந்த பங்களாவில் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் படம் நின்று கறுப்பு அட்டை வந்தது. அதில் அவள் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு எடுத்த போட்டோ. அதை எடுக்கும்போது ஸ்டுடியோவுக்கு நானும் கூடப் போயிருந்தேன். சிரிக்காதே என்று போட்டோக்காரர் அதட்டியதால் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் மளிகைக்கடைத் தள்ளுபடி ஓடியது. அட்டை போனது, படியிறங்குகிறவர் மறுபடியும் இறங்கினார். நான் எழுந்துபோய் வயரையே பிடுங்கிவிட்டேன்.

பல மாதம் கழித்து, மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை மதியம், வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் அம்மா. பாதியாக இளைத்திருந்தார்.

"அண்ணாச்சி இருக்காங்களா?" என்றார்.

என் அப்பாவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. உள்ளே வந்தார். அம்மா நாற்காலி போட்டும் உட்காராமல், அவள் உட்காரும் சுவரோரத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். டம்ளரில் வாய் வைத்து முழுக்கக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இங்கதான பாப்பீங்க ரெண்டு பேரும்? இன்னைக்கும் போடுவானா?" என்று கேட்டார்.

"போடுவாங்க ஆன்ட்டி."

"போடும்மா. அப்படி என்னத்தத்தான் பாத்தான்னு நானும் பாக்குதேன்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். முன்போல ஜன்னலைச் சாத்திச் சேலையைத் தொங்கவிட்டுப் போட்டேன்.

என்ன படம் வந்து தொலைக்கக்கூடாதோ அதுவே வந்தது. இறந்துபோன ஒரு பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவர்கள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறார்கள். வாசலில் வேப்பிலை கட்டுகிறார்கள், மந்திரவாதியைக் கூப்பிடுகிறார்கள். நான் சேனலை மாற்றப் போனேன். "இருக்கட்டும்மா" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. படத்தில் இருந்த தாய்க்காரி அலறினாள்.

"எதுக்கு இந்தப் பொம்பள கத்துதா?" என்றார் அவள் அம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெத்த பிள்ளதான வந்திருக்கு. தொறந்தா என்ன? நானா இருந்தா கதவச் சாத்தவே மாட்டேனே."

அப்போதுதான் கரண்ட் போனது. ஜன்னலில் சேலை தொங்கியதால் அறை இருட்டாக இருந்தது. அதை எடுக்க எழுந்த என்னை வேண்டாம் என்றார். அந்த இருட்டுக்குள் இருந்துதான் அப்பாவிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் அவ மொகத்தச் சரியாப் பாக்கல. மயக்கமாவே கெடந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பெறகும் சொந்தக்காரங்க கிட்ட விடல. எல்லாரும் தூங்குத மாதிரி இருந்தான்னு சொல்லுதாங்க. நீங்க சொல்லுங்க. எப்படி இருந்தா?"

அப்பா பொய் சொல்லிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"தூங்குற மாதிரி இல்லமா" என்றார். "உங்ககிட்ட நான் பொய் சொல்லக்கூடாது. கடல்ல இருந்து வந்தவங்க அப்படி இருக்க மாட்டாங்க. மொகத்துல மணலு இருந்துச்சு. காதுல, மூக்குல, முடில எல்லாம். ஒண்ணு வுடாம கழுவிட்டேன்மா. கை ரெண்டும் மூடிகினு இருந்துச்சு. மெதுவா தொறந்தேன். அதுலயும் மணலுதான். அதையும் கழுவி, கைய மடிச்சி வெச்சேன்."

இருட்டில் அவள் அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"எங்க கூட ஒரு ஆயா வேல செய்யுது. அதான் துணி மாத்தி, தல சீவி வுட்டுச்சு. ஒத்த சடையா ரெட்ட சடையான்னு என்னாண்ட கேட்டுச்சு. இங்க வரும்போது ஒத்த சடைதான போட்டுகினு வரும். அதையே பின்னச் சொன்னேன். தையலு வெளிய தெரியாம முடிய எடுத்து முன்னால வுட்டுச்சு."

"அவளுக்கு வலிச்சிருக்குமா அண்ணாச்சி?"

"அது எனக்குத் தெரியாதுமா. நான் பாக்கறது எல்லாம் அதுக்கப்புறம்தான்."

அப்போதுதான் அவள் அம்மா அழுதார். சத்தமில்லாமல் ஆரம்பித்து, பிறகு நெஞ்சு கிழிகிற மாதிரி. என் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, முழுவதும் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கரண்ட் வந்தபோது படம் முடிந்து வேறு ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கதவைத் திறந்தார்களா என்று எங்களுக்குத் தெரியாமலே போனது.

அதன் பிறகு அவள் அம்மா சில சனிக்கிழமைகளில் வந்தார். மகளைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார். படம் பார்ப்பார், காப்பி குடிப்பார், போவார். அவளைப் போல் அவர் எதையும் மூடிக்கொள்ளவில்லை. எதற்கும் பயப்படவும் இல்லை. அவர் பயப்படாமல் பார்ப்பதைப் பார்க்க எனக்குத்தான் பயமாக இருந்தது. அடுத்த வருடம் அவள் அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். இருவரும் ஊருக்கே போய்விட்டார்கள்.

இப்போது நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற அப்பாவும் அம்மாவும் என்னோடுதான். கேபிள்காரரின் சேனல் எப்போதோ நின்றுபோனது. பேய்ப்படம் வேண்டுமென்றால் போனிலேயே ஆயிரம் கிடைக்கிறது. ஆபீஸுக்குப் போகும்போது ரயிலில், காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். படம் எல்லாம் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு பேய் கதவைத் தட்டும்போது எனக்கு இப்போது பயம் வருவதில்லை. தட்டுவதற்கு யாராவது இருக்கிறார்களே என்று தோன்றுகிறது. அது பயத்தைவிட மோசமாக இருக்கிறது. என் ஆபீஸ் ஆட்கள் ஆண்டுக்கொருமுறை கோவளத்திலோ மகாபலிபுரத்திலோ ரிசார்ட் எடுப்பார்கள். நான் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். ஒரே ஒருமுறை போனேன். கடலுக்குப் பக்கத்தில் போகாமல், நீச்சல்குளத்தைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அவள் அம்மா எப்போதாவது போன் செய்வார். அவர் வீட்டில் இப்போது பேய்ப்படம் தவறாமல் ஓடுகிறது. புருஷனுக்குப் பிடிக்காதாம். போன மாதம் கூப்பிட்டபோது ஒரு படத்தின் கதையை முக்கால் மணிநேரம் சொன்னார். பாட்டி வேஷம் சரியில்லை, பேய்க்கு விக் பொருந்தவில்லை என்றெல்லாம் குறை. நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வழக்கம்போல, "அண்ணாச்சிகிட்ட குடும்மா" என்றார்.

அப்பா போனை வாங்கி, சத்தம் சரியாகக் கேட்காததால் காதோடு அழுத்திக்கொண்டார். மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று அவர் சொல்ல, அங்கே மழை பெய்ததா என்று இவர் கேட்க, இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.